ஹெடரின் வெப்பத்தை எங்கே தடுப்பது: நாடா, பூச்சு, தகடு, உறை ஆகியவற்றின் ஒப்பீடு

பாலக்காட்டுக் கணவாயின் கேரளப் பக்கத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், பாலக்காட்டுச் சித்தூர் என்று தமிழ் புழங்கும் ஊர்களிலும், இந்தப் பக்கத்தில் பொள்ளாச்சியிலும் கோயம்புத்தூரிலும், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும், தொழிற்சாலையில் வந்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, அதே வேலையை நீளக் குழாய்களால் செய்யும் ஹெடரைத் தனியாக வாங்கிப் பொருத்திக்கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் உரிமையாளர்கள் பலர் இருக்கிறார்கள். ஹெடர் வந்த சில வாரங்களிலேயே பானெட்டுக்குள் வெப்பம் கூடிவிட்டது என்பதை அவர்கள் உணர்கிறார்கள். வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட்டர் மந்தமாகச் சுற்றுகிறது, கிளட்ச் மிதி மென்மையாகிறது, ஒயரின் மேலுறை பழுப்பேறுகிறது. அதன்பின் எழும் கேள்வி எல்லோருக்கும் பொதுவானது: ஹெடரைச் சுற்றி நாடா கட்டுவதா, செராமிக் கோட்டிங் செய்வதா, நடுவே ஒரு தகடு வைப்பதா, அல்லது சூடாகும் பாகத்துக்கு மட்டும் உறை போடுவதா?

இந்த நான்கும் ஒரே வேலையைச் செய்வதாக நினைத்து விலையை மட்டும் ஒப்பிடுவதே தவறான தேர்வுக்கு முதல் காரணம். நாடா வெப்பத்தைக் குழாய்க்குள்ளேயே வைத்திருக்கிறது. பூச்சு, கதிர்வீச்சாக வெளியேறும் அளவைக் குறைக்கிறது. தகடு வெப்பத்தின் வழியை மறித்துக் காற்றிடம் ஒப்படைக்கிறது. உறை வெப்பத்தைப் பெறும் பாகத்தைக் காக்கிறது. ஆகவே எதைக் காக்க வேண்டும் என்பது தெளிவாகாமல் எதை வாங்குவது என்று முடிவு செய்ய இயலாது.

## ஹெடர் ஏன் இவ்வளவு வெப்பத்தை வெளியே விடுகிறது

பெட்ரோல் இன்ஜின் முழுச் சுமையில் ஓடும்போது வெளியேறும் புகையின் வெப்பநிலை 800 முதல் 950 டிகிரி செல்சியஸ் வரை போகும். தொழிற்சாலை மேனிஃபோல்டு பெரும்பாலும் குட்டையானது. அதன் மேல் அச்சில் அடித்த தகட்டுக் கவசமும் இருக்கும். வெளிச்சந்தை ஹெடரோ நீளமான, மெல்லிய சுவருள்ள குழாய்களால் ஆனது. பழைய கவசம் அதில் பொருந்தாது என்பதால் அது பட்டறையிலேயே தங்கிவிடுகிறது.

ஒரு கணக்கு இதை விளக்கும். 38 மி.மீ. விட்டமும் 450 மி.மீ. நீளமும் கொண்ட நான்கு குழாய்களின் வெளிப்பரப்பு ஏறத்தாழ 0.21 சதுர மீட்டர். ஆக்சைடு படிந்த எஃகுப் பரப்பு 600 டிகிரியில் இருந்தால், அந்த நான்கு குழாய்களிலிருந்து கதிர்வீச்சாக மட்டும் ஐந்து கிலோவாட்டுக்கு மேல் வெளியேறும். கதிர்வீச்சு, தனி வெப்பநிலையின் (கெல்வின் அளவில்) நான்காம் மடிக்கு நேர்விகிதத்தில் கூடுவதால், 700 டிகிரியில் இருக்கும் பரப்பை 400 டிகிரிக்கு இறக்கினால் அது வெளியிடும் வெப்பம் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அதனால்தான் மேற்பரப்பின் வெப்பநிலையைச் சிறிது குறைப்பதே பெரிய பலன் தருகிறது.

## எவற்றை வைத்து எடைபோட வேண்டும்

முதல் அளவுகோல், காக்க வேண்டிய பாகம் எது, ஹெடரிலிருந்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. ஸ்டார்ட்டர் மோட்டாரின் தாமிரச் சுருளின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் கூடும். 30 டிகிரியிலிருந்து 130 டிகிரிக்குச் சூடான மோட்டாருக்கு மின்தடை ஏறத்தாழ 39 சதவீதம் உயர்ந்துவிடும் என்பதால்தான் அது மந்தமாகச் சுற்றுகிறது. பிரேக், கிளட்ச் திரவத்துக்கு வேறு எல்லை உண்டு. டாட் 4 வகைத் திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி; ஈரத்தை உறிஞ்சிய பிறகு அதன் தரநிலை எல்லை 155 டிகிரி மட்டுமே. மழைக்காற்று மாதக்கணக்கில் வீசும் நம் பகுதியில் இந்த இரண்டாவது எண்ணையே கருத்தில் கொள்ள வேண்டும். இன்ஜின் உறிஞ்சும் காற்றைப் பொறுத்தவரை, அது 10 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும், ஆற்றலும் அந்த அளவை ஒட்டிக் குறையும். பங்குனி, சித்திரையில் வெளிக்காற்றே 40 டிகிரியைத் தொடும் பாலக்காட்டில் இந்த இழப்பு உணரக்கூடியது.

இரண்டாவது, ஹெடரின் உலோகமும் சுவரின் தடிமனும். சாதாரண எஃகு 500 டிகிரிக்கு மேல் விரைவாகச் செதிலடிக்கத் தொடங்கும். 304 வகைத் துருப்பிடிக்காத எஃகு அதைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் சுமார் 450 முதல் 850 டிகிரிக்குள் நெடுநேரம் இருந்தால் அதன் படிக எல்லைகளில் குரோமியம் கார்பைடு படிந்து, அந்த இடங்களில் அரிப்பைத் தாங்கும் திறன் குறைகிறது. டைட்டானியம் கலந்து நிலைப்படுத்திய 321 வகை இந்தக் குறையைப் பெரிதும் தவிர்க்கிறது.

மூன்றாவது, வண்டி ஓடும் விதம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இன்ஜினுக்குச் சுமை அதிகம், வண்டியின் வேகம் குறைவு, ஆகவே பானெட்டுக்குள் புகும் காற்றும் குறைவு. நெல்லியாம்பதி ஏற்றத்திலும் இதுவே நிலை. செட்டிப்பாளையத்தில் கார்ப் பந்தய வீரர் கரிவரதன் பெயரால் அமைந்த கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத்தடத்தில் சுமை இதைவிட அதிகம் என்றாலும் காற்றோட்டம் இருக்கிறது. மலையேறி முடித்து வண்டியை நிறுத்தியபின் வரும் பதினைந்து நிமிடங்களே மிகக் கடுமையானவை. அப்போது காற்றும் இல்லை, ஹெடரில் சேர்ந்திருக்கும் வெப்பம் போக வேறு வழியும் இல்லை.

மீதமுள்ளவை மழை, சோதிக்கும் வசதி, கழற்றி மாட்டும் கூலி ஆகியன. ஒவ்வொரு வழியையும் பேசும்போது அவற்றைப் பார்ப்போம்.

## ஹெடர் நாடா

கண்ணாடியிழையால் நெய்த நாடா பழையது, மலிவானது. எரிமலைப் பாறையான பசால்ட்டை உருக்கி இழையாக்கி நெய்த நாடா, டைட்டானியம் என்ற பெயரில் விற்பனைக்கு வருகிறது. அதில் டைட்டானிய உலோகம் இல்லை, நிறமும் பெயரும் மட்டுமே. வெப்பத்தைத் தாங்குவதிலும் அதிர்வில் பிசிறாமல் இருப்பதிலும் பசால்ட் நாடா மேலானது என்பதால், நாடா என்று முடிவு செய்தவர்கள் கூடுதல் விலை கொடுத்து அதையே வாங்குவது நல்லது.

வெப்பத்தை உண்மையாகவே அடைத்துவைப்பதில், ஹெடரின் மேல் நேரடியாகச் செய்யக்கூடிய வழிகளில் நாடாவே முதலிடம் பெறுகிறது. இழைகளுக்கு நடுவே சிறைப்பட்ட காற்றின் உதவியால், ஒன்றரை மி.மீ. தடிமனுள்ள நாடா தன் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் இடையே நூறு டிகிரிக்கும் கூடுதலான வேறுபாட்டைத் தாங்கி நிற்கும். 2 அங்குல அகல நாடாவைக் கால் அங்குலம் மேல்படியுமாறு சுற்றினால், 38 மி.மீ. குழாயின் ஒவ்வோர் அடிக்கும் ஏறக்குறைய 2.7 அடி நாடா செலவாகும். 50 அடிச் சுருள் ஒன்று பதினெட்டு அடிக் குழாய்க்குப் போதும். சாதாரண நான்கு சிலிண்டர் ஹெடருக்கு ஒரு சுருளே தாராளம்.

ஆனால் வெளியேறாத வெப்பம் எங்கே போகிறது என்று கேட்காமல் இதை வாங்கக் கூடாது. ஒரு பகுதி புகையோடு பின்னால் போய், அங்கே புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இருந்தால் அதைக் கூடுதலாகச் சூடாக்குகிறது. மற்றொரு பகுதி குழாயின் சுவரிலேயே தங்குகிறது. 304 எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 17 மைக்ரோமீட்டர் விரியும் இயல்புடையது, 450 மி.மீ. குழாய் 600 டிகிரி சூடேறினால் நாலரை மி.மீட்டருக்கும் மேல் நீள்கிறது. நாடாவின் கீழே அந்த வெப்பநிலை இன்னும் உயரும்போது, குழாய்கள் ஒன்றுகூடும் கலெக்டரின் வெல்டிங் மூலைகள் அந்த இழுவிசையைத் தாங்க வேண்டியிருக்கிறது. விரிசல் விழுந்தாலும் நாடா அதை மறைத்துவிடும். சில ஹெடர் தயாரிப்பாளர்கள் நாடா சுற்றினால் உத்தரவாதம் செல்லாது என்று எழுதியே கொடுக்கிறார்கள். அதற்குக் காரணம் இதுவே.

நம் பகுதியில் இதைவிடப் பெரிய எதிரி ஈரம். ஆனி முதல் ஆவணி வரை கணவாய் வழியே வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையில், சாலைச் சேறும் நீரும் ஹெடரின் கீழ்ப்பகுதியில் தொடர்ந்து படுகின்றன. ஓடும்போது நாடா காய்ந்துவிடும் என்பது உண்மை. ஆனால் வீட்டுக்குப் போகும் கடைசி ஒரு கிலோமீட்டரில் தேங்கிய நீரைக் கடந்து வந்து, இரவு முழுவதும் நிறுத்திவைத்த வண்டியில், இன்ஜின் ஆறியபின் அந்த ஈரம் உலோகத்தை ஒட்டியே இருக்கும். சாதாரண எஃகு ஹெடருக்கு இதுபோல் இரண்டு மழைக்காலம் போதும். நாடாவைப் பிரிக்கும்போது துருச் செதில்கள் கையோடு வரும். எண்ணெய்க் கசிவுள்ள இன்ஜினில் நாடா ஆபத்தானதும்கூட, ஏனெனில் எண்ணெய் ஊறிய நாடா தீப்பிடிக்கும். வால்வு மூடியின் கேஸ்கட் கசிகிறதென்றால், அதை மாற்றாமல் நாடாவைத் தொடவே கூடாது.

ஆகவே நாடா பொருத்தமானது, அடிக்கடி கழற்றிப் பார்க்கப்படும் டிராக் காருக்கு. சுவர் தடிமனாக உள்ள, 321 அல்லது நல்ல தரமான 304 எஃகு ஹெடர், மழையில் ஓடாத வண்டி, ஒவ்வொரு பருவத்துக்கும் நாடாவைப் பிரித்து வெல்டிங்கைச் சோதிக்கும் மெக்கானிக் என்ற மூன்றும் இருந்தால் இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. ஆக்சிஜன் சென்சார் பொருந்தும் இடத்தைச் சுற்றாமல் விட வேண்டும். கட்டும்போது கையுறையும் முகமூடியும் அவசியம். முதல் முறை சூடாக்கும்போது புகை வரும், அது இயல்பே.

## செராமிக் கோட்டிங்

விளம்பரங்களில் மிக அதிகமாக வாக்குறுதி தரப்படுவது இதற்குத்தான் என்பதால், இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

துப்பாக்கியால் தெளித்து அடுப்பில் பதப்படுத்தும் வழக்கமான பூச்சு 0.05 மி.மீ. அளவே தடிமன் கொண்டது. அதன் வெப்பக் கடத்துதிறனை மீட்டருக்கு, டிகிரிக்கு 1 வாட் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், சதுர மீட்டருக்கு 20 கிலோவாட் வெப்பம் பாயும்போதும் அதன் இரு பக்கங்களுக்கும் இடையே 1 டிகிரி வேறுபாடுதான் உருவாகிறது. பிளாஸ்மா முறையில் 0.3 மி.மீ. தடிமனுக்குத் தெளிக்கப்படும் சிர்கோனியா என்ற செராமிக்கில்கூட இந்தக் கணக்கு 6 டிகிரியில் நிற்கிறது. ஆகவே மெல்லிய பூச்சு வெப்பத்தை உள்ளே அடைத்துவைக்கிறது என்பதை நான் ஏற்கவில்லை. அது செய்யும் உண்மையான வேலை வேறு: மேற்பரப்பு கதிர்வீச்சை வெளிவிடும் திறனைக் குறைக்கிறது, துருவைத் தடுக்கிறது.

இதிலிருந்து, நிறத்தைத் தேர்வதே பலனைத் தேர்வது என்றாகிறது. அலுமினியம் கலந்த, வெள்ளி போலப் பளபளக்கும் பூச்சு குறைவாகக் கதிர்வீசும். ஆனால் அதன் தாங்குதிறன் 700 டிகிரியை ஒட்டி நின்றுவிடும். மங்கலான கறுப்புப் பூச்சு 950 டிகிரிக்கு மேலும் தாங்கும். ஆனால் கறுப்புப் பரப்பு, ஆக்சைடு படிந்த வெறும் எஃகுக்கு இணையாகவே கதிர்வீசும். கறுப்பு அழகாக இருக்கிறது என்று வாங்குபவர்கள் துருத்தடுப்பை வாங்குகிறார்கள். அருகில் உள்ள பாகத்துக்கு வரும் வெப்பத்தை அது குறைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

அப்படியானால் கோட்டிங் செய்த ஹெடரை வெப்பமானித் துப்பாக்கியால் அளந்தபோது நூறு டிகிரி குறைந்து காட்டியதே என்று கேட்பார்கள். அந்த அகச்சிவப்புக் கருவிகளில் பெரும்பாலானவை, பரப்பின் கதிர்வீசும் திறன் 0.95 என்று வைத்துக்கொண்டே கணக்கிடுகின்றன. பளபளக்கும் பரப்பு குறைவாகக் கதிர்வீசுவதால், அது உண்மையான வெப்பநிலையை விடக் குளிர்ச்சியாக இருப்பதாகக் கருவி காட்டுகிறது. சரியாக அளக்க வேண்டுமானால் குழாயைத் தொட்டிருந்து வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் என்ற உணரியைப் பயன்படுத்த வேண்டும். அதைவிட நல்லது, ஹெடரை விட்டுவிட்டு ஸ்டார்ட்டரின் உடலையும் கிளட்ச் குழாயையும் கோட்டிங்குக்கு முன்னும் பின்னும் ஒரே ஏற்றத்தில் அளந்து ஒப்பிடுவது.

இவ்வளவு சொன்னபிறகும், தினமும் வாளையார் கடந்து போய்வரும் காருக்கு வெள்ளிப் பூச்சையே நான் முதலில் பரிந்துரைப்பேன். மழை அதைத் தொடாது, விரிசல் விழுந்தால் கண்ணில் படும், குழாயின் உலோகம் அளவுக்கு மீறிச் சூடாவதில்லை, பல ஆண்டுகள் நிற்கும். மறைந்திருக்கும் செலவுகளை மட்டும் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ள வேண்டும்: ஹெடரைக் கழற்றி மாட்டும் கூலி, புதிய கேஸ்கட், முறியும் ஸ்டட்டுகள், பழைய ஹெடரானால் எண்ணெய்க் கரியை எரித்து மணல் வீசிச் சுத்தம் செய்யும் கட்டணம், வேலை முடியும்வரை வண்டி நிற்கும் நாட்கள். பூச்சு ஏறியபின் வெல்டிங் செய்தால் அந்த இடம் கருகிவிடும் என்பதால், ஹெடரை வண்டியில் பொருத்தி, ஸ்டியரிங் தண்டோடும் இன்ஜின் மவுண்ட்டோடும் உரசவில்லை என்று உறுதி செய்தபிறகே கோட்டிங்குக்கு அனுப்ப வேண்டும். புதிதாகப் பிரித்துக் கட்டிய இன்ஜினுக்கு, டியூனிங் முடியும்வரை வேறு ஹெடரில் ஓடுவது நல்லது; தவறான எரிபொருள் கலவையும் இக்னிஷன் டைமிங்கும் முதல் அரை மணியிலேயே புதுப் பூச்சைச் சுட்டுவிடும்.

கடையில் புட்டியில் கிடைக்கும் வெப்பம் தாங்கும் ஸ்பிரே பெயின்ட் இதற்கு மாற்று அல்ல. அது நிறத்தைக் காக்கும், அவ்வளவே.

## வெப்பத்தடுப்புத் தகடு

கார் தொழிற்சாலைகள் பல பத்தாண்டுகளாக நம்பியிருப்பது இதையே என்பதை மறந்துவிடுகிறோம். வெப்பம் தரும் பரப்புக்கும் பெறும் பரப்புக்கும் நடுவே, அவற்றின் அதே கதிர்வீசும் திறன் கொண்ட ஒரு தகட்டை நிறுத்தினால், கணக்குப்படி கதிர்வீச்சுப் பரிமாற்றம் பாதியாகிறது. பளபளப்பான தகடு அதையும் மேலும் குறைக்கும். தகட்டின் இரு பக்கமும் காற்று ஓடினால் எஞ்சிய வெப்பத்தையும் அது கொண்டுபோகும். உலோகக் குழாய் தன் இயல்பான வெப்பநிலையிலேயே இருக்கிறது, ஈரம் தங்க இடமில்லை, நான்கு போல்ட்டைக் கழற்றினால் ஹெடர் முழுவதும் தெரிகிறது.

செய்யும் விதத்தில்தான் இது வெற்றியும் தோல்வியும் அடைகிறது. குழாய்க்கும் தகட்டுக்கும் இடையே குறைந்தது 10 முதல் 15 மி.மீ. இடைவெளி வேண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், அதற்கு வெகுமுன்பே வலுவிழந்துவிடும் என்பதால், குழாய்க்கு அருகில் 0.5 முதல் 0.8 மி.மீ. தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகுத் தகடே ஏற்றது. அலுமினியத்தை, தள்ளி இருக்கும் ஃபயர்வால் (இன்ஜினையும் பயணிகள் பகுதியையும் பிரிக்கும் சுவர்) பக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கோயம்புத்தூரில் தகடு வளைத்து, விளிம்பு மடித்து, டிக் வெல்டிங் செய்துதரும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஒரு பழைய அட்டைப்பெட்டியை வெட்டி வடிவம் எடுத்துக் கொடுத்தால் வேலை எளிதாகும்.

தகட்டின் குறை சத்தமும் இடமும். விறைப்பு வரி அடிக்காத தட்டையான தகடு, ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில் அதிர்ந்து பாடத் தொடங்கும்; பிறகு போல்ட் துளையின் ஓரத்தில் வெடிப்பு விழும். சிறிய பானெட்டுக்குள் நீளக் குழாய் ஹெடரைத் திணித்திருக்கும் வண்டிகளில் 10 மி.மீ. இடைவெளியே கிடைக்காமல் போகலாம். அங்கே இந்த வழி மூடப்பட்டுவிடுகிறது.

## பெறும் பாகத்துக்கு உறை

தொல்லை ஒரே இடத்தில் மட்டும் என்றால், ஹெடரைத் தொடாமலே முடித்துவிடலாம். சிலிகோன் ரப்பர் பூசிய கண்ணாடியிழைக் குழலுறை தொடர்ந்து சுமார் 260 டிகிரி வரை தாங்கும். கிளட்ச் குழாய்க்கும் ஒயர்க் கட்டுக்கும் அது போதுமானது. ஸ்டார்ட்டருக்குப் போர்வை போன்ற உறை கிடைக்கிறது. பொன்னிறப் பிரதிபலிப்பு நாடா, காற்று உறிஞ்சும் குழாயின் மேலும் ஃபயர்வாலிலும் ஒட்டுவதற்கானது. ஹெடரைத் தொடும் இடத்தில் ஒட்டுவதற்கானது அல்ல. கைச்செலவு மிகக் குறைவு, வீட்டிலேயே செய்யலாம். ஆனால் பானெட்டுக்குள் இருக்கும் மொத்த வெப்பத்தை இது குறைப்பதில்லை. வண்டியை நெடுநேரம் நிறுத்தினால் உறைக்குள்ளும் வெப்பம் மெல்லப் புகுந்துவிடும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நாடா | வெள்ளிப் பூச்சு | எஃகுத் தகடு | உறை |
|---|---|---|---|---|
| பானெட்டு வெப்பம் குறைதல் | மிக நன்று | ஓரளவு | தகட்டுக்கு மறுபுறம் நன்று | இல்லை |
| ஹெடர் உலோகத்துக்குச் சுமை | மிக அதிகம் | குறைவு | மிகக் குறைவு | இல்லை |
| மழைக்காலத் தாக்கம் | மோசம் | துருவைத் தடுக்கும் | கவலையில்லை | கவலையில்லை |
| விரிசலைக் காணுதல் | பிரிக்க வேண்டும் | நேரே தெரியும் | தகட்டைக் கழற்றினால் தெரியும் | நேரே தெரியும் |
| மறைசெலவு | ஹெடரின் ஆயுள் | கழற்றும் கூலி, கேஸ்கட், காத்திருப்பு | சத்தம், திருத்த வேலை | அவ்வப்போது மாற்றுதல் |

## யாருக்கு எது

தினசரி ஓட்டமும் மாதம் ஒருமுறை மலைப்பயணமும் செய்யும் டர்போ இல்லாத காருக்கு, வெள்ளிப் பூச்சோடு ஸ்டார்ட்டரின் பக்கம் மட்டும் ஒரு சிறு எஃகுத் தகடு என்ற கூட்டே என் தேர்வு. பணம் இப்போது போதவில்லை என்றால் தகட்டையும் உறையையும் முதலில் செய்துவிட்டு, அடுத்த முறை ஹெடர் வேறு காரணத்துக்காகக் கழலும்போது பூச்சுக்கு அனுப்பலாம். இந்த வரிசையில் எந்தச் செலவும் வீணாவதில்லை.

டர்போ கார்களின் நிலை வேறு. அங்கே மேனிஃபோல்டு 700 டிகிரியை எளிதில் தாண்டும் என்பதால் வெள்ளிப் பூச்சு நிற்காது. டர்பைன் உறைக்கு அதன் வடிவத்தில் தைத்த போர்வையும், மேனிஃபோல்டுக்குத் தகடும் பொருத்துவதே முறை. அந்தப் போர்வைகள் சிலவற்றில் உள்ள செராமிக் இழை, மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற ஐயத்துக்குரியவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்திய பட்டியலில் இருப்பது; கிழிந்த போர்வையை வெறுங்கையால் கையாளாமல் மாற்றிவிட வேண்டும்.

பழைய சாதாரண எஃகு ஹெடர் வைத்திருப்பவர்கள் நாடாவை அடியோடு மறந்துவிடலாம். பந்தயத்துக்கு மட்டும் டிரெய்லரில் ஏற்றிச் செல்லும் காருக்குப் பசால்ட் நாடாவே போதும்.

ஹெடர் பொருத்துவதே சட்டத்தின் பார்வையில் கேள்விக்குரியதாகலாம் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் குறிப்புகளிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது; கேரள எல்லைக்குள் வாகனச் சோதனையில் இதைக் கூர்ந்து பார்க்கிறார்கள். கேட்டலிடிக் கன்வர்ட்டரை நீக்கிய ஹெடரானால் புகைச் சோதனையிலும் சிக்கல் வரும். பொதுச்சாலையில் ஓடும் காருக்குக் கன்வர்ட்டரை வைத்துக்கொள்ளும் ஹெடரையே தேர்ந்தெடுத்து, மேலே சொன்ன வெப்பத்தடுப்பில் அதன் உறையையும் சேர்த்துத் திட்டமிடுவது நல்லது.

எந்த வழியைத் தேர்ந்தாலும், முதல் சில முறை நன்றாகச் சூடேறி ஆறியபிறகு, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, ஹெடரை இன்ஜினோடு இணைக்கும் ஃபிளாஞ்சு எனும் விளிம்புத் தகட்டின் போல்ட்டுகளையும் தகட்டின் கிளிப்புகளையும் நாடாவின் எஃகுக் கட்டுகளையும் ஒருமுறை முறுக்கிப் பார்க்க வேண்டும். விரிந்து சுருங்கும் உலோகத்தில் அவை தளர்ந்துவிடும். தளர்ந்த ஃபிளாஞ்சிலிருந்து கசியும் புகை நேராகப் பக்கத்து ஒயரிலும் குழாயிலும் பாயும், அதைத் தடுக்க இந்த நான்கில் எதுவும் உதவாது.